மரியாவை ஜூலி ஆண்ட்ரூஸோடு ஒப்பிடாமல் அந்த டிவிடியை ஒருமுறை பாருங்கள்

'தி சவுண்ட் ஆஃப் மியூசிக் லைவ்!' டிவிடி பற்றிப் பேச்செடுத்தாலே, "1965 படத்துக்குப் பக்கத்தில் நிற்குமா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். மடத்திலிருந்து வந்து கேப்டனின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் மரியாவாக ஜூலி ஆண்ட்ரூஸ் நடித்த படம் அது. நிற்காதுதான். ஆனால் அளவுகோலே தப்பு. இந்த 'லைவ்' படத்தைத் திரும்ப எடுத்த முயற்சி அல்ல. 1959இல் பிராட்வேயில் மேடையேறிய நாடகத்துக்கு லாங் ஐலண்டின் பெத்பேஜில் ஒரு ஸ்டுடியோவுக்குள் செட் போட்டு, 2013 டிசம்பர் 5 இரவு அமெரிக்க டிவி சேனலான என்பிசி நேரலையாகக் காட்டிய நிகழ்ச்சி. அன்றிரவு பார்த்தவர்கள் ஏறக்குறைய 1 கோடியே 86 லட்சம் பேர். 12 நாளில், டிசம்பர் 17 அன்று, டிவிடி விற்பனைக்கு வந்துவிட்டது.

படத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் முதலில் தடுமாறுவது பாட்டு வரிசையில்தான். படத்தில் இடி இடிக்கும் இரவில் குழந்தைகளுக்காக மரியா பாடும் 'மை ஃபேவரிட் திங்ஸ்', நாடகத்தில் மடத்துக்குள் வருகிறது. மடத்தின் தலைவியும் மரியாவும் சேர்ந்து பாடுகிறார்கள். இடி இரவுக்கு 'தி லோன்லி கோட்ஹெர்ட்'. கேப்டன் மணக்கவிருந்த எல்சாவுக்கும் அவர்களின் நண்பர் மேக்ஸுக்கும் நாடகத்தில் இருந்த பாட்டுகளைப் படம் தூக்கிவிட்டது. இங்கே அவை திரும்ப வந்திருக்கின்றன. அதில் 'நோ வே டு ஸ்டாப் இட்' மிக முக்கியம். நாஜிகள் வரத்தான் போகிறார்கள், வளைந்து கொடுத்துப் பிழைத்துக்கொள்வோம் என்று இருவரும் கேப்டனிடம் வாதாடும் பாட்டு. கேப்டனும் எல்சாவும் பிரிவது அந்த அரசியலால்தான். படத்தில் அது வெறும் காதல் விவகாரமாகச் சுருங்கிவிட்டது. எல்சாவாக வரும் லாரா பெனான்டியும் மேக்ஸாக வரும் கிறிஸ்டியன் போர்லும் மேடையிலேயே வளர்ந்தவர்கள். அந்தப் பாட்டில் அது தெரிகிறது.

மரியாவாக வரும் பாடகி கேரி அண்டர்வுட்டின் நடிப்பு விறைப்பாக இருக்கிறது என்ற குறையை நான் மறுக்கவில்லை. வசனத்தில் திணறுகிறார். ஆனால் பாட்டில் திணறவில்லை, அதுவும் திரும்ப எடுக்க வழியே இல்லாத ஒரு ராத்திரியில். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. இதே குழு ஸ்டுடியோவில் பாடிய ஆல்பம் ஒளிபரப்புக்கு முன்பே வந்துவிட்டது. ஒரே பாட்டை முதலில் ஆல்பத்திலும் அடுத்து டிவிடியிலும் ஹெட்போனில் கேளுங்கள். ஆல்பத்தில் மூச்சுச் சத்தம் துடைக்கப்பட்டிருக்கும். டிவிடியில் நடந்துகொண்டே பாடும் உடம்பின் மூச்சு மைக்கில் விழும்.

மடத்தின் தலைவியாக வரும் ஆட்ரா மெக்டொனால்ட் 'கிளைம்ப் எவ்ரி மவுன்டன்' பாடி முடிக்கும் இடத்துக்காகவே இந்த டிவிடியை வாங்கலாம். உச்ச ஸ்வரத்தில் நிறுத்துகிறார். கைதட்டல் இல்லை. அந்த ஸ்டுடியோவில் பார்வையாளர்களே கிடையாது. மேடை நாடகத்தின் பாட்டு, முடிவில் கைதட்டலுக்கு இடம் விட்டு எழுதப்படுவது. அந்த இடம் காலியாக நிற்கும்போது நமக்கு ஏதோ குறைகிறது. என் கணக்கில் அந்தத் தயாரிப்பின் பெரிய பிழை அதுதான், அண்டர்வுட் அல்ல. 2016 ஜனவரி 31இல் ஃபாக்ஸ் சேனல் இதே மாதிரி நேரலையாகச் செய்த இசை நாடகம் 'கிரீஸ்: லைவ்' இதைச் சரிசெய்தது. பர்பேங்கில் வார்னர் ஸ்டுடியோ வளாகத்தில், செட்டுக்குள்ளேயே ஆட்களை நிறுத்தி ஆரவாரம் செய்ய விட்டார்கள். அன்றைக்குப் பார்த்து மழை. தொடக்கப் பாட்டில் ஜெஸ்ஸி ஜே குடைகளுக்கு நடுவே நடந்துவருவதை டிஸ்க்கில் பாருங்கள். நேரலை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

அடுத்து, "படம் மாதிரி இல்லையே, சீரியல் மாதிரி இருக்கிறதே" என்ற புகார். சினிமாவுக்கு நொடிக்கு 24 ஃப்ரேம். அமெரிக்க டிவி வீடியோவில், ஒற்றைப்படை வரிகள் ஒருமுறை, இரட்டைப்படை வரிகள் ஒருமுறை என்று நொடிக்கு ஏறக்குறைய 60 அரைப்படங்கள். அசைவு அதனால்தான் வழவழவென்று தெரிகிறது. நேரலைக்கு அது இயல்பு. அதைச் சினிமாவாக்க முயலாதீர்கள்.

கெடுப்பது பெரும்பாலும் நம் பிளேயர்தான். கணினியில் பார்க்கும்போது, நடனத்தில் கைகால் ஓரங்களில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் வந்தால் டீஇன்டர்லேஸ், அதாவது அரைப்படங்களை முழுப்படங்களாக்கும் வசதி, வேலை செய்யவில்லை என்று அர்த்தம். விஎல்சி பிளேயரில் வீடியோ மெனுவுக்குப் போய் டீஇன்டர்லேஸை 'ஆன்' ஆக்கி, மோடில் 'யாடிஃப் 2எக்ஸ்' தேர்ந்தெடுங்கள். வெறும் 'யாடிஃப்' போட்டால் அசைவு பாதியாகிவிடும். 'பிளெண்ட்' போட்டால் நிழல் போல இரட்டை உருவம் வரும். 'டிஸ்கார்ட்' பாதி வரிகளையே தூக்கி எறிந்துவிடும். உதடும் குரலும் பொருந்தாவிட்டால், விண்டோஸ் விஎல்சியில் குரல் முந்தினால் 'கே' விசை, பிந்தினால் 'ஜே'. ஒரு தட்டுக்கு 50 மில்லிசெகண்ட் நகரும். டிவியில் பார்ப்பவர்கள் படத்தைச் 'சீராக்கும்' வசதிகளை அணைத்துவிடுங்கள். உதடு பிந்துவதற்கு அவையும் ஒரு காரணம்.

டிஸ்க்கில் தரவு பதியும் அடுக்கு ஒன்றா இரண்டா என்பதையும் கவனியுங்கள். 3 மணி நேர ஒளிபரப்பில் விளம்பரம் போனால் இரண்டேகால் மணி நேரம் மிஞ்சும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4.7 ஜிபி ஒற்றை அடுக்கில் அதை அடைத்தால், படம் ஒலி இரண்டுக்கும் சேர்த்து நொடிக்கு 4.6 மெகாபிட்தான் கிடைக்கும். 8.5 ஜிபி இரட்டை அடுக்கில் 8.4 வரை போகலாம். கூட்டமாக ஆடும் காட்சியில் இந்த வித்தியாசம் கட்டம் கட்டமாகத் தெரியும். அந்த 4.7 ஜிபியை விண்டோஸ் ஏறக்குறைய 4.4 என்றுதான் காட்டும். டிஸ்க்கின் அளவு அதற்கு மேல் காட்டினால் இரட்டை அடுக்கு.

அமெரிக்காவிலிருந்து வரவழைப்பவர்கள் பணம் கட்டும் முன் ரீஜனை, அதாவது எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்ற எண்ணை, பாருங்கள். அமெரிக்க டிவிடி ரீஜன் 1. இந்தியாவும் இலங்கையும் 5, சிங்கப்பூரும் மலேசியாவும் 3. கணினி டிரைவில் ரீஜனை 5 முறைதான் மாற்ற முடியும், ஐந்தாவதோடு பூட்டிக்கொள்ளும். ப்ளூரேயில் கணக்கு வேறு. அமெரிக்காவும் சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே 'ஏ', நமக்கு 'சி'.

ஒப்பீடு வேண்டும் என்று இன்னும் நினைப்பவர்கள் 2004இல் டிவிடியாக வந்த 'சின்ட்ரெல்லா'வை எடுங்கள். 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' பாட்டுகளைத் தந்த ராட்ஜர்ஸும் ஹாமர்ஸ்டைனும் டிவிக்கென்றே எழுதி, 1957 மார்ச் 31 அன்று சிபிஎஸ் சேனல் நேரலையாக, அதுவும் கலரில் காட்டியது. சின்ட்ரெல்லாவாக நடித்தவர் அதே ஜூலி ஆண்ட்ரூஸ். பார்த்தவர்கள் 10 கோடியே 70 லட்சம் என்று கணக்கு. வீடியோ டேப் அதற்கு முந்தைய வருஷம்தான் வந்திருந்தது. கலரைப் பதியும் டேப் இன்னும் வரவில்லை. மிஞ்சியது, மானிட்டருக்கு முன் ஃபிலிம் கேமராவை வைத்து எடுத்த கருப்பு வெள்ளை கினெஸ்கோப் மட்டும். அவர் குரல் தெளிவாகக் கேட்கிறது. உடைகளின் நிறம், அன்றிரவு கலர் செட் வைத்திருந்த கொஞ்சப் பேர் பார்த்ததோடு போய்விட்டது.