நாலாவது குழந்தை என்னய்யா பாவம் பண்ணுச்சு?

தலசீமியாங்கிற பரம்பரை ரத்த நோய்க்குக் கடத்திகளான பெற்றோர், அதாவது தனக்கு நோய் இல்லாம பழுதான ஜீனைச் சுமக்கிறவங்க. முதல் மூணு குழந்தைக்கும் நோய் இல்லை. நாலாவது குழந்தைக்கு வர வாய்ப்பு எவ்வளவு? புதுப் பதிப்பு, புது அட்டை, புது விலை போட்டு வந்திருக்கிற உயிரியல் கைடு கொட்டை எழுத்துல சொல்லுது: "100 சதவீதம். ஏனெனில் விகிதம் 3:1."

ஏனெனிலாம்!

அதாவது நல்லா இருக்கிற குழந்தைகளுக்கான ஒதுக்கீடு மூணோட முடிஞ்சுபோச்சாம். கருமுட்டையும் விந்தணுவும் என்ன ரேஷன் கடை வரிசையிலயா நிக்குதுங்க? "அம்மா, மூணு டோக்கன் போயிடுச்சு, மிச்சம் இருக்கிறது நோய்தான், கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போங்க"ன்னு சொல்ல?

கடத்தின்னா ஒரு நல்ல அல்லீல் (ஜீனோட ஒரு வடிவம்), ஒரு பழுதான அல்லீல்; ரெண்டுமே பழுதானாத்தான் நோய். கேமீட்டை, அதாவது கருமுட்டையையோ விந்தணுவையோ உருவாக்குற குன்றல் பிரிவுல ரெண்டும் பிரியுது. பாதி கேமீட்டுக்கு இது, பாதிக்கு அது. அப்பாகிட்டருந்து பழுது வர ½, அம்மாகிட்டருந்து வர ½, பெருக்கினா ¼. மூத்த பிள்ளைக்கும் 25 சதவீதம், நாலாவதுக்கும் 25, பதினாலாவதுக்கும் 25. இன்னைக்கு உருவாகிற கேமீட்டுக்கு வீட்டுல எத்தனை தொட்டில் ஆடுச்சுன்னு யாரு போய்ச் சொன்னது?

நாலு குழந்தைங்க இருக்கிற குடும்பத்தையே கணக்குப் போடுவோம். நாலு பேருக்குமே நோய் வராம இருக்க, ¾-ஐ நாலு தடவை பெருக்கணும்: 81/256, கிட்டத்தட்ட 32 சதவீதம். சரியா ஒருத்தருக்கு மட்டும் வர 27/64, அதாவது 42 சதவீதம். ஆக, அந்தப் புனித 3:1 பாதிக் குடும்பத்துல கூட அப்படியே வராது.

பட்டாணிச் செடியை வச்சு இந்த விகிதத்தையே கண்டுபிடிச்ச மெண்டலுக்கே வரலைய்யா! 5474 உருண்டை விதை, 1850 சுருங்கின விதை எண்ணினாரு மனுஷன். 2.96:1. ஏழாயிரத்துக்கு மேல எண்ணியும் 3-ஐ உரசிட்டுத்தான் நின்னுச்சு. அதே சோதனையில ஒரு செடியில 43 உருண்டை, 2 சுருங்கல். இன்னொண்ணுல 14-க்கு 15. ரெண்டையும் ஒளிக்காம 1866-லயே அச்சுல போட்டாரு. நம்ம கைடு ஆசிரியரா இருந்தா அந்த 15-ஐ ரப்பர் வச்சு அழிச்சிருப்பாரு.

அடுத்த கேள்வி: நோய் இல்லாத அந்தப் பிள்ளை கடத்தியா இருக்க வாய்ப்பு? "½"னு விடை. பெற்றோரோட அல்லீல்களைச் சேர்த்து நாலு கட்டம் போட்டா ஒண்ணு நோயாளி; அந்தக் கட்டத்தைத் தூக்கிப் போட்டா மிச்சம் மூணுதானே? அதுல ரெண்டு கடத்தி. ⅔! நாலுல ரெண்டுன்னு எண்ணினா, நோய் இல்லைன்னு கேள்வியிலயே சொன்னதை யாரு படிக்கிறது?

ரெண்டு பண்பைச் சேர்த்துப் பார்க்கிற இருபண்புக் கலப்பு பக்கத்தைத் திருப்பவே கூடாது. பட்டாணி விதையோட உருண்டை-சுருங்கலுக்குப் பெரிய ஆர், சின்ன ஆர். மஞ்சள்-பச்சைக்குப் பெரிய ஒய், சின்ன ஒய். ஒரு கேமீட்டுக்குள்ள ஒரு ஆர், ஒரு ஒய்தான் போக முடியும். அதனால நாலு வகை, நாலும் நாலும் பதினாறு கட்டம். இந்தக் கைடோ ரெண்டு ஆரையும் ஒரே கேமீட்டுல திணிச்சு, ரெண்டு ஒய்யையும் இன்னொண்ணுல திணிச்சு, அதுலருந்து எப்படியோ நாலு வகை விதைக்கான 9:3:3:1 விகிதத்தை வரவழைக்குது. குன்றலே நடக்காம விகிதம் மட்டும் வருதுன்னா இது மரபியல் இல்லை, மந்திரம். ரெண்டு ஜீனும் ஒரே குரோமோசோம்ல பக்கத்துப் பக்கத்துல இருந்தா இந்த விகிதமே வராதுங்கிற வரியைத் தேடாதீங்க, கிடைக்காது.

பிள்ளைங்களும் 9:3:3:1-ஐ வாய்ப்பாடு மாதிரி ஒப்பிச்சிட்டு வந்து, கேமீட் எழுதச் சொன்னா முழிக்குது. முழிக்காம என்ன செய்யும்?

இதுல பின்னட்டையில க்யூஆர் கோடு வேற. "விளக்கக் காணொளி"யாம். ஸ்கேன் பண்ணினா வணக்கம் சொல்லவே ரெண்டு நிமிஷம், அப்புறம் பெல் பட்டனை அமுக்கச் சொல்றாங்க, அப்புறம் மனை விற்பனை விளம்பரம். செங்கல்பட்டுல கால் கிரவுண்டு இருக்காம்யா, வேணுமா?