உத்தரவாதம் கொடுப்பவரின் திமிர்

சிங்கப்பூர்க் குடிமகனைக் கட்டிக்கொண்டால் நிரந்தரவாசம் தானாக வந்துவிடும் என்று பெண் பார்க்கப் போகிற இடத்தில் தயவுசெய்து சொல்லாதீர்கள். கல்யாணம் விண்ணப்பிக்கும் தகுதியை மட்டுமே தருகிறது. 100 வெள்ளி கட்டி, துணையின் உத்தரவாதத்தோடு விண்ணப்பித்து, மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு மறுப்பு வரலாம். காரணமும் சொல்லமாட்டார்கள்.

அதுவரை, துணை உத்தரவாதம் கொடுத்துப் புதுப்பிக்க வேண்டிய நீண்டகால வருகை அனுமதியில்தான் (பாஸ்) காலம் ஓடும். 2012இல் வந்த அதன் ‘பிளஸ்’ வகை இருந்தால் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற மானியம் உண்டு. வேலைக்குப் போக மனிதவள அமைச்சின் ஒப்புதல் கடிதம் வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வெளிநாட்டுத் துணை குடியிருப்பாளர்தான், உரிமையாளர் அல்லர். இவற்றையெல்லாம் சமாளித்துவிடலாம். எனக்குப் பொறுக்காதது வேறு.

ஈசூனில் ஓர் உறவினர் வீட்டு விருந்து. சாம்பாரில் உப்பு அதிகம் என்றார் வீட்டுக்காரர். “பிள்ளைக்குக் காய்ச்சல், கவனிக்கவில்லை” என்றாள் மனைவி. ஊரில் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். “வாய் நீளுகிறதே, அடுத்த மாதம் பாஸ் புதுப்பிக்க வேண்டும், நினைவிருக்கட்டும்” என்று அவர் சிரித்தார். பந்தியே சிரித்தது. அவள் கரண்டியை மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எங்கள் வீட்டில் உத்தரவாதம் கொடுப்பவள் நான். கணவர் தஞ்சாவூர்ப் பக்கம். புதுப்பிக்கும் நேரம் வந்தால், “உனக்குக் கொஞ்சம் நேரம் இருக்குமா?” என்று தொடங்குவார். வேறு எதற்கும் என்னிடம் அப்படித் தயங்கிக் கேட்பவர் அல்லர். எனக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

போலிக் கல்யாணங்கள் நடக்கின்றன, மறுக்கவில்லை. அதற்குப் 10 ஆண்டுவரை சிறை, 10,000 வெள்ளிவரை அபராதம் என்று சட்டமே இருக்கிறது. எவ்வளவு வேண்டுமானாலும் துருவிக் கேட்கட்டும். ஆனால் பிள்ளை பெற்று, வருடக்கணக்கில் குடும்பம் நடத்திய பிறகும், இங்கே தங்குவதற்குத் துணையின் தயவை ஏன் எதிர்பார்க்க வேண்டும்? அந்தக் கட்டத்தில் விண்ணப்பம் அவரவர் பெயரிலேயே போகட்டும் என்பது என் கட்சி. நிரந்தரவாசத்தின் அருமை வீட்டிலும் மசேநிதியிலும் (மத்திய சேமநிதி) இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். ஒரு சண்டைக்குப் பிறகும் நிம்மதியாகத் தூங்கலாம் என்பதுதான் அதன் முதல் அருமை. அது கிடைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

சட்டம் மாறும்வரை ஊரிலிருக்கும் பெற்றோருக்கு ஒரு வழி உண்டு. கல்யாணத்துக்கு முன்பே விண்ணப்பித்து, நீண்டகால அனுமதிக்கான தகுதிக் கடிதம் பெறும் மதிப்பீட்டு முறை 2015 முதல் நடப்பில் இருக்கிறது. கடிதம் வந்தால் எல்லாம் உறுதி என்று பொருளல்ல, நிலவரமாவது தெரியும். (இங்கே ஒர்க் பெர்மிட்டில் வேலை செய்பவர், முன்பு செய்தவர் என்றால் மனிதவள அமைச்சின் அனுமதி இல்லாமல் தாலி கட்டக்கூடாது. இதைத் தரகர்கள் வாய்திறந்து சொல்வதே இல்லை.) நிச்சயதார்த்தத்துக்கு முன் அந்தக் கடிதத்தைக் கேளுங்கள். கேட்டதற்கே மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தால், வேறு வரன் பாருங்கள்.