லைன் என்றால் முதலில் நூல்தான்

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் இங்கிலீஷ் நோட்டைக் கொண்டுவந்து தையல் மெஷின் மேலேயே வைத்தாள். பக்கம் முழுக்கச் சிவப்பு மை. 'லைன்' என்ற சொல் வருகிற பத்து வாக்கியங்களைத் தமிழில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இவள் எல்லா இடத்திலும் 'கோடு' என்றே எழுதியிருக்கிறாள். துணி காயப்போடும் கோடு. மீன் பிடிக்கும் கோடு. கடைசியில் டீச்சர் கையெழுத்தில், 'பத்து அர்த்தங்களையும் மனப்பாடம் செய்க'.

"ஒரு வார்த்தைக்கு எதுக்கும்மா இத்தன அர்த்தம்? மனசுல நிக்கவே மாட்டேங்கு" என்றாள்.

பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மார்த்தாண்டத்தில் பதினாறு வருஷமாகத் துணி தைக்கிறவள் நான். என் மேஜையில் கிடப்பதை வைத்தே அவளுக்குச் சொன்னேன்.

லத்தீனில் 'லீனம்' என்றால் ஆளிச்செடி. நம்ம ஊர் மருந்துக்கடையில் விற்கிறார்களே, ஆளி விதை, அதே செடி. அதன் தண்டிலிருந்து உரித்த நாரை நூலாக முறுக்கினார்கள். அந்த நூலுக்கு 'லீனெயா' என்று பெயர். அதிலிருந்து வந்ததுதான் லைன். பழைய ஆங்கிலத்தில் அதற்குக் கயிறு என்று அர்த்தம். கயிற்றை இழுத்துப் பிடித்தால் நேராக நிற்கும், அந்த நேர்தான் பிறகு கோடானது. ஆள்கள் நேராக நின்றால் வரிசை, கம்பி நேராகப் போனால் கரண்ட் லைன், தலைமுறை தலைமுறையாக இழை அறாமல் வந்தால் வம்சம்.

ஜாக்கெட்டுக்குள் வைக்கிற லைனிங்கும் அதே செடிதான். முன்காலத்தில் உடுப்புக்கு உள்பக்கம் அந்த நாரில் நெய்த லினன் துணி கொடுத்துத் தைத்ததால் வந்த பேர். தைக்கும் முன் தண்ணீரில் நனைத்துக் காயப்போட்டுத்தான் லைனிங் துணியை வெட்டுவேன், இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே சுருங்கி மேல்துணியை இழுக்கும். தினமும் அந்தத் துணியைத் தொடுகிற எனக்கே அதன் பெயர் எங்கிருந்து வந்தது என்பது முப்பத்தைந்து வயதில்தான் தெரிந்தது. இதில் எனக்கு வருத்தம் உண்டு. பள்ளியிலேயே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கல்யாண ஜாக்கெட்டுக்கு டெட்லைன் சொல்லிவிட்டுப் போகிறார்கள். 1864-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் ஒரு கோடு இருந்தது, அதைத் தாண்டின கைதியைச் சுட்டுவிடுவார்கள். அதற்குத்தான் டெட்லைன் என்று பெயர். அது தெரிந்த நாளிலிருந்து அந்தச் சொல்லை நான் வாயால் சொல்வதில்லை.

என் அப்பா தூத்தூர்க்காரர். தூண்டில் கயிற்றை ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்திருப்பார், மீன் கொத்துவது விரலுக்குத் தெரியும். அந்தக் கயிற்றுக்கும் வெள்ளைக்காரன் லைன் என்றுதான் சொல்கிறான். அதற்குப் போய் என் மகள் 'கோடு' என்று எழுதினாள். பாட்டாவின் விரலைப் பார்க்காத பிள்ளை, வேறு எதை எழுதுவாள்?

தமிழிலும் இதே கதைதான். நூல் என்றால் இழை, நூல் என்றால் புத்தகம். பஞ்சைச் சொல்லாகவும் புலவனை நூற்கிற பெண்ணாகவும் வைத்து இதை நன்னூல் விளக்குகிறது. கொத்தனார் நூல் கட்டித்தான் கல் வைக்கிறார். கம்பிக் கடையில் போய் மூணு நூல் கம்பி கேட்கிறோம். ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் ஒரு நூல். கோடுதல் என்றாலோ வளைதல். 'நெஞ்சத்துக் கோடாமை' என்று வள்ளுவர் சொன்னது மனம் ஒரு பக்கமாகச் சாயாமல் இருப்பதை. யானைத் தந்தம், மாட்டுக் கொம்பு, மரக்கிளை, மலையுச்சி எல்லாவற்றுக்கும் கோடு என்ற பெயர் உண்டு. விளவங்கோடு தாலுகாவில் பிறந்த பிள்ளைக்கு இதைச் சொல்லித் தராமல் வேறு யாருக்குச் சொல்லித் தருவது?

பத்து அர்த்தம் என்று நம்பர் போட்டுக் கொடுக்காதீர்கள். முதலில் அந்த நூலைக் கையில் கொடுங்கள். டீச்சர்மாரிடம் நான் கேட்பது இவ்வளவுதான்.

நேற்று ராத்திரி அவள் நோட்டில் ஐந்து இதழுள்ள நீலப் பூ ஒன்று வரைந்திருந்தாள். ஆளிப்பூ. அதன் தண்டிலிருந்து பத்து நூல் இழுத்து, பத்து வாக்கியத்திலும் கொண்டுபோய்க் கட்டியிருந்தாள்.