தை முதல் பங்குனி வரை மாடி சும்மா கிடக்கலாமா?

குமரிக்காரர்கள் கடையில் வற்றல் பாக்கெட் வாங்குவதைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. சுண்டை, பாகல், கொத்தவரை, மோர்மிளகாய் எல்லாமே இப்போது பாக்கெட்தான். பொரித்து வாயில் வைத்தால் முதலில் தெரிவது உப்பு, காயின் ருசி அப்புறம்தான். உப்பு கூடினால் சரக்கு கெடாது, எடையும் நிற்கும். விற்பவருக்கு அது வசதி. வீட்டில் போட்டால் உப்பின் அளவு நம் கையில். பிரஷர் உள்ளவர்கள் இருக்கும் வீட்டுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

நமக்கு வற்றல் காலம் ரொம்பக் குறைவு. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு. இரண்டும் நம் தலையில்தான் கொட்டுகிறது. சித்திரை வந்தால் மத்தியானம் வரை வெயில் அடித்துவிட்டுச் சாயங்காலம் இடியோடு மழை இறங்கும். ஆக நம்பிப் பாய் விரிக்க தை, மாசி, பங்குனி மட்டும்தான். சந்தையில் காய்கள் மலிவாகக் கிடைக்கிற நாட்களும் இதில் வரும். அந்த நேரம் பார்த்து மாடியைப் பூட்டி வைத்திருக்கிறோம்.

வற்றலுக்கு வெயிலைவிடக் காற்று முக்கியம் என்பது என் கட்சி. ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் கணவாய்க் காற்று எந்நேரமும் வீசும், அங்கே வெயில் சுமாராக இருந்தாலும் காய் காய்ந்துவிடும். குலசேகரம் பக்கம் காற்றிலேயே ஈரம், அதே காய் இன்னும் ஒன்றிரண்டு நாள் கேட்கும். அதனால் பிளாஸ்டிக் ஷீட்டில் பரப்பாதீர்கள். அடியில் வேர்த்துப் பிசுபிசுக்கும். நான்கு செங்கல் வைத்து, மேலே வலைத் தட்டியோ ஓலைப்பாயோ போட்டு, பருத்தித் துணி விரித்துப் பரப்புங்கள். கீழேயும் காற்று ஓடும். கடற்கரையில் மணலில் காயும் நெத்திலிக்கும் தட்டியில் காயும் நெத்திலிக்கும் உள்ள வித்தியாசம் கருவாடு வாங்குகிற எல்லோருக்கும் தெரியும்.

மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு, வற்றலைச் சொல்லாமல் குமரியில் வற்றல் பேச்சு நிறையாது. திருவிதாங்கூரில் இந்தக் கிழங்கைப் பரப்ப முனைந்தவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. நாமும் அன்று அந்த ராஜ்ஜியம்தான். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது பல வீடுகளில் அடுப்பு எரிந்தது இதனால்தான். ஆனால் பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலம் பாய்ந்து கெட்டுவிடும், மாதக்கணக்கில் வைக்க உலர்த்தத்தான் வேண்டும். தோலை உரித்து, வட்டமாகச் சீவி, தண்ணீரில் அரைவேக்காடு வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பாறையில் பரப்புவார்கள். தண்ணீரைக் கொட்டுவது சும்மா இல்லை. மரச்சீனியில், முக்கியமாகக் கசப்பு வகையில், சயனைடு விடும் பொருள் உண்டு. சீவி, வேகவைத்து, வடித்தால் பெரும்பகுதி போய்விடும். முதல் நாள் துண்டெல்லாம் பளபளவென்று கையில் ஒட்டும். முழுக்கக் காய்ந்தால் சுண்ணாம்பு போல வெளுத்து, ஓரம் சுருண்டு, அள்ளும்போது கலகலவென்று சத்தம் வரும். ராத்திரி ஊறப்போட்டு, காலையில் அவித்து, தேங்காயும் சீரகமும் வத்தல்மிளகாயும் சதைத்துச் சேர்த்தால் ஆடி மழைக்கு வேறென்ன வேண்டும்!

மற்ற காய்களுக்கு வேலை இன்னும் குறைவு. கொத்தவரை, பாகலைக் கொதிக்கும் உப்புத் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுத்தால் நிறமும் மணமும் நிற்கும். துண்டுகள் ஒரே கனமாக இருக்கட்டும், இல்லையென்றால் மெல்லியது காயும்போது தடித்தது உள்ளே ஈரமாக இருக்கும். பொழுது சாய்வதற்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும், பனி இறங்கினால் பகல் முழுக்கக் காய்ந்தது வீண். ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும், வளையக் கூடாது. கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஒரு வாரம் கண் வையுங்கள். உட்புறம் நீர் பூத்தால் மறுபடி வெயிலுக்கு. பூஞ்சை கண்டால் தயவுசெய்து மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். துடைத்துப் பொரித்தால் சரியாகிவிடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். சில பூஞ்சைகளின் நஞ்சு எண்ணெய்ச் சூட்டுக்கும் அழியாது.

கீரைக்கு மட்டும் வெயில் ஆகாது. முருங்கையிலையை நிழலில் காற்றாட உலர்த்துங்கள். நேர் வெயிலில் பச்சை நிறத்தோடு வைட்டமின் ஏ சத்தும் போகும். வைட்டமின் சி எப்படி உலர்த்தினாலும் குறையத்தான் செய்யும். பச்சைக் காய்க்கு வற்றல் ஈடு என்று நான் சொல்லவே மாட்டேன். வற்றல், காய் கிடைக்காத நாளுக்கும், தேங்காய் வறுத்தரைத்து வைக்கிற தீயல் குழம்புக்கும்.

“யாருக்கு நேரம் இருக்கு?” என்று கேட்பார்கள். ஒரே பெண்ணின் தலையில் கட்டினால் யாருக்கும் நேரம் இருக்காது, சரிதான். காலையில் மாடிக்குத் தூக்குவதையும் சாயங்காலம் இறக்குவதையும் வீட்டு ஆண்கள் செய்யலாம், பிள்ளைகள் காக்கா விரட்டலாம். முன்பு முற்றத்தில் நாலு கை இருந்ததால்தான் கடவம் கடவமாக, பெரிய ஓலைப்பெட்டி நிறைய, வற்றல் போட முடிந்தது.

முதன்முதலாகப் போடுகிறவர்கள் இந்தத் தையில் அரைக்கிலோ கொத்தவரையில் தொடங்குங்கள். அது ஏமாற்றாது. மோர்மிளகாய்க்கு ராத்திரி மோரில், பகல் வெயிலில் என்று நாலைந்து நாள் மெனக்கெட வேண்டும், அதை மாசிக்கு வைத்துக்கொள்ளலாம். மாங்காய் பங்குனியில்.