சாய்தளத்தை மறிக்கும் வண்டிகள்

முழங்காலுக்குக் கீழே செயற்கைக்கால் பொருத்தி நடக்கும் எனக்கு, தியாகராய நகரில் ஒரு கடைக்குள் நுழைவதற்குள்ளேயே பாதித் தெம்பு போய்விடுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்காகச் சாய்தளம் என்று ஒன்றைக் கட்டிவிடுகிறார்கள். ஆனால் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டிய இடத்தில் நான்கைந்து அடியிலேயே முடித்து, அதில் வழுக்கும் கிரானைட்டைப் பதித்து, போதாக்குறைக்கு அதன் வாயிலிலேயே ஸ்கூட்டர்களையும் நிறுத்த விட்டுவிடுகிறார்கள். செயற்கைப் பாதம் கணுக்காலில் இயல்பாக மடங்காது என்பதால், செங்குத்தான சரிவில் இறங்கும்போது முட்டி தானாக முன்னே தள்ளப்படும். மே மாத வியர்வையில், செயற்கைக்காலுக்குள் என் காலில் மாட்டியிருக்கும் சிலிகான் உறை வேறு நழுவும். வண்டியை எடுக்கச் சொன்னால், "ரெண்டு நிமிஷம் சார், ஓனர் உள்ளதான் இருக்காரு" என்கிறார் காவலாளி. அதுவரை நான் வெயிலில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது? அங்கே ஒரு கைப்பிடிக் கம்பிகூட இல்லை.