அப்பாவின் மயிலையும் ஆகா கானின் குதிரைகளும்

2025 பெப்ரவரி 4ஆம் திகதி லிஸ்பனில் ஆகா கான் காலமானார், 88 வயது. அன்றிலிருந்து முகநூலில் பார்க்கிறேன், பாதிப்பேர் அவருடைய சொத்து, தனி விமானம், படகு என்று கணக்குப் போடுகிறார்கள், மீதிப்பேர் ஷியா முஸ்லிம்களில் ஒரு பிரிவான இஸ்மாயிலி மக்களின் இமாம், அதாவது மதத் தலைவர் என்றும் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் கட்டியவர் என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் சரிதான். நான் எழுத வந்தது குதிரை வளர்த்த ஆகா கானைப் பற்றி. கிளிநொச்சியில் இருந்துகொண்டு உனக்கென்னடா ரேஸ் குதிரை என்று மச்சான்மார் கேட்பீர்கள். கேளுங்கோ, ஆனால் கடைசிவரை வாசித்துவிட்டுக் கேளுங்கோ.

எனக்கு அந்த மனிதரை அறிமுகப்படுத்தியது அப்பா. அப்பா சவாரிக்காரர், மாட்டுவண்டில் பந்தயம் ஓட்டியவர். இப்போது வயல்கரையில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிற கிழவனைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள், ஒரு காலத்தில் சவாரித் திடலில் எங்கள் வண்டில் வந்து நின்றால் மற்றப் பக்கத்தில் யார் கட்டுகிறார்கள் என்று சனம் எட்டிப் பார்க்கும். அவர் சின்ன வயதில் எனக்குச் சொன்ன கதைகளில் ராஜா ராணிக் கதை இல்லை, ஷெர்கார் கதைதான் இருந்தது. 1981இல் இங்கிலாந்து டேர்பியை 10 குதிரை நீள வித்தியாசத்தில் வென்ற குதிரை அது, அந்தப் பந்தயத்தில் அவ்வளவு தூரம் விட்டு வென்றது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. 1983 பெப்ரவரியில் ஒரு இரவு, முகமூடி போட்ட ஆயுதக்காரர்கள் அயர்லாந்தில் ஆகா கானின் பண்ணைக்குள் புகுந்து அதைக் கொண்டுபோனார்கள். ஐஆர்ஏ என்ற ஐரிஷ் ஆயுதக் குழு என்றுதான் எல்லோரும் சொல்வது. விடுவிக்க 20 லட்சம் பிரிட்டிஷ் பவுண் கேட்டார்கள், கொடுக்கவில்லை, குதிரையின் எலும்புகூட இன்றுவரை கிடைக்கவில்லை. அப்பா பேப்பரில் வாசித்ததை அப்படியே மனதில் வைத்திருந்தார். எத்தனை தரம் சொன்னாலும் கடைசியில் ஒரே தீர்ப்புத்தான். "மாட்டுக் கள்ளனுக்கு மாடு பிடிக்கத் தெரியும். இவங்களுக்கு ஒண்டும் தெரியாது. அந்நியன்ர கையில அது நிண்டிருக்காது, உதைச்சிருக்கும், பயந்துபோய்ச் சுட்டிருப்பாங்கள்." பிற்காலத்தில் இதைப்பற்றி வெளியில் வந்த கதையும் ஏறக்குறைய இதுதான் என்று நான் வாசித்தபோது சிரிப்பும் வந்தது, என்னவோ போலவும் இருந்தது.

நான் பெரியவனான பிறகு தேடித்தேடி வாசித்ததில் ஷெர்காரைவிட எனக்குப் பிடித்துப்போனது அவருடைய பெண் குதிரைகள்.

ஆகா கான் தேடிப்போய்க் குதிரை வாங்கத் தொடங்கியவர் இல்லை. 1957இல் 20 வயதில் தாத்தாவுக்குப் பிறகு இமாம் ஆகிறார், 1960இல் தகப்பன் அலி கான் கார் விபத்தில் சாகிறார், குதிரைப் பண்ணைகள் முழுவதும் தலையில் விழுகின்றன. அப்போது தனக்குக் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அவரே சொல்லியிருக்கிறார். விற்றுவிட்டுப் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். யோசித்துப் பார்த்துவிட்டு வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்டதில் இருந்த பெரிய சொத்து, தாத்தா 1922இல் 9,100 கினி (பழைய இங்கிலாந்துக் காசு) கொடுத்து வாங்கிய மும்தாஜ் மஹால் என்ற பெண் குதிரையின் வழி.

அந்த வழியில் வந்ததுதான் பெத்தீத் எத்துவால். 1959இல் பெண் குதிரைகளுக்கென்றே இங்கிலாந்தில் நடக்கும் ஓக்ஸ் பந்தயத்தை வென்றது, சாம்பல் நிறம், எங்கள் பாஷையில் மயிலை. ஓட்டத்தில் ராணி, குட்டி போடுவதில் சீரோ. கடைசியில் அதற்கு மிஞ்சியது ஸாரா என்று ஒரேயொரு பெண் குட்டி. ஸாராவும் தாய் அளவுக்கு ஓடவில்லை, அதன் மகளும் ஓடவில்லை, பேத்தியும் ஓடவில்லை. கணக்குப் பார்க்கிற எந்த முதலாளியும் இரண்டாவது தலைமுறையிலேயே அடித்து விற்றிருப்பான். இவர் வைத்திருந்தார். 2005இல் அந்த ஸாராவின் வழியில் ஸார்காவா பிறக்கிறது. 2008 ஒக்டோபர் 5இல் பாரிஸ் லோங்ஷோம் திடலில் ஐரோப்பாவின் பெரிய பந்தயமான ஆர்க்கை வென்றது, ஓடியது ஏழு, வென்றது ஏழு, அதோடு நிறுத்திவிட்டார்கள்.

2008 ஒக்டோபர்.

அந்த மாதம் நாங்கள் எங்கே இருந்தோம் என்று வன்னிச் சனத்துக்குச் சொல்லத் தேவையில்லை. கிளிநொச்சிக்குள் செல் விழுந்துகொண்டிருந்தது, நாங்கள் தருமபுரம் பக்கம் போக வண்டிலில் பாயும் அரிசி மூட்டையும் ஏற்றிக்கொண்டு நின்றோம். சவாரி வண்டிலில்! சவாரி மாடு சுமை இழுக்காது, ஊருக்கே தெரியும். அன்றைக்கு இழுத்தது. பட்டியில் நாற்பது உருப்படி நின்றன. அப்பா படலையைத் திறந்துவிட்டார், கட்டி நின்ற பசுக்களின் கயிற்றைக் கத்தியால் அறுத்தார், அவிழ்க்கவில்லை, அறுத்தார். அவருடைய மயிலைப் பசு மட்டும் வெளியே போகாமல் அறுந்த கயிற்றோடு தொட்டியடியிலேயே நின்றது. வயிற்றில் கன்று. அம்மா கூப்பிட்டபடி இருந்தா, இவர் அதன் திமிலில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

முள்ளிவாய்க்கால், முகாம், அதெல்லாம் இங்கே வேண்டாம்.

2010இல் திரும்பி வந்தபோது காடெல்லாம் கட்டாக்காலி மாடு. உடம்பில் சுட்ட குறி பார்த்துத் தங்கள் மாட்டைப் பிடித்தவர்களும் இருந்தார்கள், குறி இருந்தும் கேட்க ஆள் வராததால் பிடித்தவர்களும் இருந்தார்கள், லொறியில் ஏறிப்போனது எத்தனை என்று யாருக்குத் தெரியும். அப்பா மூன்று மாதம் சைக்கிளில் அலைந்தார். எங்கள் குறியோடு ஒன்றுகூட இல்லை. ஒருநாள் மாங்குளத்துக்கு அங்கால் ஒரு வளவில் ஒரு மயிலை நாகு கட்டி நின்றது. அப்பா சைக்கிளைப் போட்டுவிட்டு வேலிக்குள்ளால் பார்த்தபடி நின்றார். இடது காதடியில் வெள்ளைப் பொட்டு, நடக்கும்போது பின்னங்கால் கொஞ்சம் உள்ளே மடியும், தாய்க்கும் அப்படித்தான். ஆனால் உடம்பில் குறி இல்லை, எப்படி இருக்கும், நாங்கள் விட்டுப்போன பிறகு பிறந்தது. குறியில்லாத மாட்டுக்கு என்ன சொல்லி உரிமை கேட்பது? கேட்கவில்லை. அம்மாவின் தோட்டை அடகு வைத்து, தன் பசுவின் கன்றைத் தானே காசு கொடுத்து வாங்கி வந்தார். வீட்டில் பெரிய சண்டை. நானும் அன்றைக்கு அம்மாவின் பக்கம்தான் நின்றேன், கூரைத் தகரம் இல்லாமல் இருக்கும்போது இந்த மனுசனுக்கு விசரா என்று கத்தினேன்.

ஸாராவின் கதையை வாசித்த அன்றுதான் அது விசர் இல்லை என்று எனக்கு விளங்கியது.

பணக்காரனையும் எங்களையும் ஒன்றாக்காதே என்பீர்கள். உண்மை. அவரால் 1978இல் மார்செல் பூசாக் என்ற பிரெஞ்சுக்காரர் நொடித்துப்போனபோது அந்தப் பண்ணையின் குதிரைகளையே மொத்தமாக வாங்க முடிந்தது. அதே பூசாக்கின் ஃபாரிஸ் என்ற பொலிக்குதிரையை 1940இல் ஜேர்மன்காரர் கொண்டுபோனார்கள், போர் முடிந்ததும் அது திரும்பி வந்தது. ஆயிரம் குதிரைக்குள்ளும் அதைக் கண்டுபிடிக்கலாம், ஏனென்றால் எழுத்தில் இருந்தது. எங்களுடையது அப்பாவின் தலைக்குள் மட்டும் இருந்தது.

அவரை நல்லவர், வல்லவர் என்று ஏற்றிவைக்கவும் நான் வரவில்லை. 1989இல் அவருடைய அலீசா ஓக்ஸ் பந்தயத்தில் முதலாவதாக வந்தது, பிறகு சோதனையில் கற்பூரச் சத்து இருந்ததென்று வெற்றியைப் பறித்தார்கள், இவர் கோபித்துக்கொண்டு இங்கிலாந்திலிருந்து தன் குதிரைகளையே எடுத்துவிட்டார், சில வருடம் அந்தப் பக்கம் போகவில்லை. எங்கள் திடலில் கொடி தட்டியது, தட்டவில்லை என்று முறுக்கிக்கொண்டு வண்டிலைக் கழற்றிப்போகிற ஆட்களை நினைத்தேன். அதேபோல சாட்டையும். குதிரைக்குச் சாட்டை, எங்கள் மாட்டுக்கு ஆணி வைத்த கம்பு. நான் இரண்டுக்கும் எதிர். அப்பாவோடு இதில் எனக்கு இன்னும் வழக்கு இருக்கிறது.

இப்போது சவாரி திரும்ப நன்றாக நடக்கிறது, சந்தோசம்தான், ஒலிபெருக்கியும் கேடயமும் ட்ரோனும் வந்துவிட்டன. ஆனால் மாடு? எங்கேயோ இருந்து லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கி வருகிறார்கள். அதன் தாய் யார் என்று கேட்டால் முழிக்கிறார்கள். பசுவை வைத்திருப்பவனுக்குப் பாலும் வேண்டும், அதனால் ஜேர்சி இனச் சினை ஊசியைப் போடுகிறான், அவனைக் குறை சொல்லவும் முடியாது, மேய்ச்சல்தரையும் இல்லை. ரேஸ் குதிரையில் அந்த ஊசி விளையாட்டே கிடையாது, பொலிக்குதிரையிடம் கொண்டுபோய் விட்டால்தான் குட்டியைப் பதிவார்கள். பிரான்சில் பந்தயம் வென்றால் குதிரையைப் பிறப்பித்தவனுக்கும் தனியாகக் காசு போகும். சவாரிச் சங்கக்காரரிடம் நான் கேட்பது இதைத்தான். முதல் பரிசுக்காரனுக்கு மோட்டார்சைக்கிள் கொடுங்கோ, அதோடு அந்த நாம்பனின் தாய்ப்பசுவை வைத்திருக்கிறவனையும் மேடைக்குக் கூப்பிட்டு ஒரு மூட்டை தவிடாவது கொடுங்கோ. தாயின் பெயரை மைக்கில் சொல்லுங்கோ. ஒரு கொப்பியில் எழுதுங்கோ. இவ்வளவுதான்.

செய்தி வந்த அன்று பின்னேரம் அப்பாவிடம் சொன்னேன், ஷெர்காரின் முதலாளி செத்துப்போனார் என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்.

"இனி மாடுகளை ஆர் பாக்கிறது?"

குதிரை என்று நான் திருத்தவில்லை. மகள் இருக்கிறா, ஸாரா என்று பெயர், கன காலமாகத் தகப்பனோடு அவதான் பண்ணைகளைப் பார்த்தவ என்றேன்.

"பொம்பிளைப் பிள்ளையோ? அப்ப சரி."

எழும்பிச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பட்டிக்குப் போனார். அந்த மாங்குளத்து நாகின் பேத்தி இந்தமுறை தலைக்கன்று. இன்றோ நாளையோ என்று நிற்கிறது.