உப்புக் காற்றும் பூட் மெனுவும்

மண்டபம் என்ற ஊரில், கடலை ஒட்டிய வீடு. பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டிய கணினி, காலையில் இயக்கினால் கறுப்புத் திரையோடு நிற்கிறது. வெளி ஹார்டு டிஸ்க் செருகியிருந்தால் போதும், அதிலிருந்தே கிளம்பப் பார்க்கிறது! மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸில், எதிலிருந்து முதலில் கிளம்ப வேண்டுமென்று நான் அமைத்த வரிசை ஒவ்வொரு மின்வெட்டிலும் அழிகிறது.

எதிலிருந்து கிளம்புவது என்று தேர்ந்தெடுக்கும் பூட் மெனுவுக்குப் போகலாமென்றால் ஒரு போர்டில் எஃப்8, இன்னொன்றில் எஃப்11, வேறொன்றில் எஃப்12. ஒரே விசையாக வைத்தால் என்ன குறைந்துவிடும்? கீபோர்டு விழிப்பதற்குள், விசையை அழுத்தக் கிடைக்கும் இரண்டு நொடியும் ஓடிவிடுகிறது.

முன்பக்க யுஎஸ்பி துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். நான்கு தகடுகளில் இரண்டில் பச்சைக் களிம்பு. எல்லாம் இந்த உப்புக் காற்று செய்த வேலை. வெளி டிஸ்க்கைப் பின்பக்கத் துளையில் செருகினால் உடனே எடுக்கிறது. அதற்குத் தினமும் மேசைக்கு அடியில் தவழ வேண்டியிருக்கிறது.